அடுக்கத் தெரியாத பிள்ளை எப்படி அடுக்கினான் என்பதை எழுதுங்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்றுக்குக் கணினி அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் ஒன்றை வரிவரியாக வெட்டி, துண்டுகளைக் கலைத்துக் கொடுத்து, சரியான வரிசையில் அடுக்கச் சொன்னாராம். விசைப்பலகையைத் தொடவே தயங்கும் பிள்ளைகள்கூட மேசையைச் சுற்றி நின்று வாதாடிக்கொண்டு அடுக்கினார்களாம். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்து, "நல்ல விளையாட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதை ஆய்வு என்று சொல்ல முடியுமா, முனைவர் பட்டம் இல்லாத பள்ளி ஆசிரியர் இதை எங்கே, யாரிடம் பகிர்வது, பகிர்ந்தால் யாராவது பொருட்படுத்துவார்களா என்பவை அவருடைய கேள்விகள்.

டீச்சர், நீங்கள் செய்த பயிற்சிக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. பார்சன்ஸ் புதிர் என்பார்கள். 2006-இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் நடந்த கணினிக் கல்வி மாநாட்டில் டேல் பார்சன்ஸ், பட்ரீசியா ஹேடன் என்ற இருவர் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார்கள். இருவரும் நியூசிலாந்தில் ஒட்டாகோ பாலிடெக்னிக்கில் கற்பித்தவர்கள். முதன்முதலாக நிரல் எழுதப் பழகும் மாணவர்களுக்கு நிரல்மொழியின் இலக்கணப் பயிற்சி சலிப்பூட்டுகிறது, அதைப் புதிராக்கினால் என்ன என்று யோசித்தார்கள். அவ்வளவுதான் தொடக்கம். 2008-இல் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் பால் டென்னியும் அவருடன் சேர்ந்தவர்களும் இந்தப் புதிரைத் தேர்விலேயே வைத்துப் பார்த்தார்கள். இதில் நன்றாகச் செய்கிறவர்கள் நிரல் எழுதும் கேள்வியிலும் நன்றாகச் செய்வது தெரிந்தது. 2017-இல் அமெரிக்காவின் பார்பரா எரிக்சன் குழு இன்னொன்றைக் காட்டியது. நிரலை முழுதாக எழுதிப் பழகுவதைவிடத் துண்டுகளை அடுக்கிப் பழகுவதற்குக் குறைந்த நேரமே ஆகிறது, கற்றுக்கொள்வதோ ஏறக்குறைய அதே அளவு.

இதைப் படித்ததும் உங்கள் முகம் வாடியிருக்கலாம். நான் கண்டுபிடித்ததாக நினைத்ததை எவரோ 2006-இலேயே சொல்லிவிட்டார்களே என்று தோன்றும். வாட வேண்டாம். யாரும் சொல்லித்தராமல் நீங்களாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தீர்கள் என்றால் உங்கள் கண் சரியாகப் பார்க்கிறது. வருத்தப்பட வேண்டியது வேறொன்றுக்கு: அந்தக் கட்டுரையைப் பற்றி உங்களுக்கு யாரும் இதுவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதல் நாளை மிச்சம் பிடித்து இரண்டாம் நாள் கேள்விக்குப் போயிருப்பீர்கள். பகிர்தல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் கொடுக்கும் பதில் இதுதான்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. நீங்கள் கேட்டெழுதியதில் பிள்ளைகள் ஆர்வமாக இருந்தார்கள், வாதாடினார்கள் என்று இருக்கிறது. ஆர்வத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் படிவம் மூன்றை விழித்திருக்க வைப்பது சாதனைதான். ஆனால் அதை மட்டும் பகிர்ந்தால் கேட்கிறவர் கைக்கு ஒன்றும் வராது. அவர்கள் எப்படித் தவறாக அடுக்கினார்கள்? எந்தத் துண்டை எங்கே வைத்தார்கள்? ஏன் என்று கேட்டபோது என்ன சொன்னார்கள்? இந்த மூன்றும் உங்களிடம் இருந்தால் ஆய்வு தொடங்கிவிட்டது. இல்லையென்றால் இன்னொரு முறை செய்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளியில் கற்பித்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தாலும் அந்த ஒரு பாடவேளைதான் எனக்கு இன்னும் வழிகாட்டி. மாமாக் கடையில் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய தேநீரின் விலை ஏறுகிறது, பழைய விலையையும் புதிய விலையையும் காட்ட வேண்டும் என்பது கணக்கு. துண்டுகளில் முக்கியமானவை மூன்று: விலை = 2 என்று ஒன்று, பழைய_விலை = விலை என்று ஒன்று, விலை = 3 என்று ஒன்று. அவற்றை அடுக்க வேண்டிய வரிசையும் அதுதான். ஒரு பையன் விலையை 3 ஆக்கிய பிறகு பழைய விலைத் துண்டை வைத்திருந்தான். அப்படிச் செய்தால் பழைய விலையும் 3 என்றுதான் வரும். கவனக்குறைவு என்று நினைத்து நகரப் போனேன். என்னவோ தோன்றி, "ஏன் இங்கே வைத்தாய்?" என்று கேட்டேன்.

"எங்கே வைத்தாலும் ஒன்றுதானே சார். பழைய விலையும் விலையும் சமம் என்று எழுதியாகிவிட்டது. சமம் என்றால் எப்போதும் சமம்தானே?"

சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். பாதிக்கு மேல் தலையாட்டினார்கள். அவன் கவனக்குறைவாக இல்லை. கணிதப் பாடத்தில் எட்டு ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்ததை அப்படியே உண்மையென்று நம்பி இங்கே கொண்டு வந்திருக்கிறான். கணிதத்தில் சமக்குறி ஓர் உறவைச் சொல்கிறது, அது மாறாது. பைத்தானில் அதே குறி ஒரு வேலையைச் சொல்கிறது: வலப்பக்கத்தில் இப்போது இருக்கும் மதிப்பை எடு, இடப்பக்கப் பெயருக்குக் கொடு. கொடுத்த அந்த நொடியோடு வேலை முடிந்தது. அதற்குப் பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் பழைய விலைக்குத் தெரியாது. இதை நான் அதுவரை ஒரு முறைகூட வாயால் சொன்னதில்லை. எனக்கு அது சொல்ல வேண்டிய செய்தியாகவே தோன்றியதில்லை.

அந்தப் பையனின் இரண்டு வாக்கியங்களைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பள்ளி நண்பரிடம் போனேன். அவரும் தம் வகுப்பில் கேட்டுப் பார்த்தார். அங்கேயும் அதே பதில். நான் எழுதிய எந்தப் பயிற்சித்தாளும் அந்த அளவுக்குப் பயன்பட்டதில்லை.

இந்த வகைக் குழப்பம் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். விலை, பழைய_விலை போல ஒரு மதிப்பைத் தாங்கும் பெயரை மாறி என்கிறோம். அந்த மாறியை ஒரு பெட்டி என்று விளக்கினால், பெட்டிக்குள் ஒரே நேரத்தில் பல பொருள்களைப் போடலாம் என்று மாணவர் எண்ணிக்கொள்ளக்கூடும் என்று பெனடிக்ட் டு பூலே 1986-லேயே எச்சரித்தார். ஆனால் நம் ஊருக்கே உரிய ஒன்று இருக்கிறது, அதை எந்த வெளிநாட்டுக் கட்டுரையிலும் நீங்கள் பார்க்க முடியாது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு அது 'மாறி'. இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் மலாயில் 'பெம்போலே உபா'. மலாய்ச் சொல்லில் மாற்ற இயலும் என்ற பொருள் இருக்கிறது. தமிழ்ச் சொல்லோ தானே மாறிக்கொண்டிருப்பது போல ஒலிக்கிறது. "விலை மாறிதானே, அதனால் பழைய விலையும் கூடவே மாறிவிடும்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அவள் தமிழை நன்றாகவே கேட்டிருக்கிறாள் என்று பொருள். மாறியே ஒன்றும் செய்வதில்லை, நிரல்தான் அதை மாற்றுகிறது என்று நாம்தான் சொல்லியாக வேண்டும். இதை எழுதத் தகுதியுள்ளவர் பட்டர்வொர்த்திலும் பிறையிலும் இருக்கும் உங்களைப் போன்ற ஆசிரியர்தான். முனைவர் பட்டம் இதில் எங்கே வருகிறது?

பகிர்ந்தால் யார் பொருட்படுத்துவார்கள் என்று கேட்டீர்கள். 2001-இல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் பல நாட்டு ஆசிரியர்கள் கூடி, நான்கு பல்கலைக்கழகங்களின் 216 மாணவர்களுக்கு ஒரே மாதிரியான நிரலாக்கச் சோதனை வைத்தார்கள். அவர்களெல்லாம் முதல் நிரலாக்கப் பாடத்தை முடித்தவர்கள். சராசரி மதிப்பெண் 110-க்கு 22.89. அதுவரை ஒவ்வோர் ஆசிரியரும் தம் மாணவர்கள்தாம் மந்தம், அல்லது தம் கற்பித்தல்தான் மோசம் என்று மனத்துக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார்கள். எண்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் இது எல்லார் வீட்டு நோய் என்று தெரிந்தது. தெரிந்ததும் கேள்வியே மாறியது. 2004-இல் ரேமண்ட் லிஸ்டர் தலைமையில் ஏழு நாடுகளைச் சேர்ந்த குழு அடுத்த படிக்குப் போனது: எழுதுவது இருக்கட்டும், கொடுத்த நிரலை வரிவரியாகப் படித்து விடை என்ன வரும் என்று சொல்லவாவது முடிகிறதா? பலரால் அதுவும் முடியவில்லை. அதன் பிறகுதான் முதலில் படிக்கவும் பின்தொடரவும் பழக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. இங்கிலாந்தில் சூ சென்டன்ஸ் உருவாக்கிய முறையில் பிள்ளைகள் நிரலைப் பார்த்து முதலில் ஊகிக்கிறார்கள், ஓட்டிப் பார்க்கிறார்கள், ஆராய்கிறார்கள், சிறிது மாற்றுகிறார்கள், கடைசியில்தான் சொந்தமாக உருவாக்குகிறார்கள். பிரிம் என்று அதன் பெயர். உங்கள் காகிதத் துண்டுகளும் இதே குடும்பம்தான். வெறுந்தாளில் தொடங்கு என்று பிள்ளையைத் தவிக்கவிடாமல், கையில் எதையாவது கொடுத்துத் தொடங்க வைக்கிறீர்கள்.

லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் 1993-இல் எழுதியது அடிக்கடி நினைவுக்கு வரும். ஆய்வில் தனிமையும் கற்பித்தலில் தோழமையும் கிடைக்கும் என்று நம்பிப் பணிக்கு வந்தவர், நேர்மாறாகக் கண்டாராம். ஆய்வுக்குத்தான் கூட்டம் இருந்தது, கற்பித்தலுக்கு மூடிய கதவு. நம் பள்ளிகளிலும் ஒரே ஆசிரியர் அறையில் இருபது ஆண்டுகள் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்தவர்கள், ஒருவர் பாடத்தை மற்றவர் ஒரு முறையும் பார்க்காமலே ஓய்வு பெறுகிறார்கள். எனக்கு அது தாங்க முடியாத வீண் என்றே படுகிறது.

எப்படி எழுதுவது என்பதில் நான் பட்ட அடியையும் சொல்ல வேண்டும். இப்படி இருந்தால் இதைச் செய் என்னும் நிபந்தனைக் கட்டளையைக் கற்பிக்க ஒரு பாடம் வைத்திருந்தேன். 1972-இல் இன்டெல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை திறந்த காலத்திலிருந்து இந்தத் தீவில் சில்லு சோதிப்பது குடும்பத் தொழில் மாதிரி. என் வகுப்பில் பல பிள்ளைகளின் அம்மாக்கள் இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள். எது தேறும், எது கழியும், எது மறுபடி சோதனைக்குப் போகும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அதை நிரலாக்கினோம், பாடம் பறந்தது. பெருமையோடு அந்தப் பவர்பாயின்ட் கோப்பை நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டப்புறப் பள்ளியில் கற்பிக்கும் நண்பருக்குக் கொடுத்தேன். அவர் வகுப்பில் அது படுத்துவிட்டது. அங்கே யாருக்கும் அந்தச் சோதனை மேசை தெரியாது. கதையை விளக்கவே அரைப் பாடவேளை போயிற்று. அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு: அந்தப் பாடத்துக்கு முன் இரண்டு வாரம் நான் நிரலைக் கையால் பின்தொடரும் பயிற்சி கொடுத்திருந்ததை அவரிடம் சொல்லவே இல்லை. கோப்பில் அது இல்லை, என் தலையில் மட்டும் இருந்தது. நண்பர் தம் மாணவர்களைக் குறைசொன்னார், குறை நான் கொடுத்த விதத்தில் இருந்தது.

அதனால் எழுதும்போது நிலத்தையும் சேர்த்து எழுதுங்கள். எத்தனை பிள்ளைகள், வீட்டில் என்ன மொழி, எத்தனை பேருக்கு ஒரு கணினி, இதற்கு முன் என்ன கற்றார்கள், பாடம் எத்தனை நிமிடம். நீங்கள் கொடுத்த துண்டுகளை ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே எழுதுங்கள், விடைக்குத் தேவையில்லாத பொய்த் துண்டுகள் கலந்திருந்தால் அவற்றையும். எத்தனை குழு எப்படி அடுக்கியது என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். சுருக்கிச் சொல்லாமல், பிள்ளைகள் பேசிய சொற்களிலேயே இரண்டு மூன்று விளக்கங்களை வையுங்கள். மலாயும் தமிழும் கலந்து பேசினால் கலந்தபடியே இருக்கட்டும். பிறகு, இது முக்கியம், இரண்டு வாரம் கழித்து அதே கருத்தை வேறு கதையில் கேட்டுப் பாருங்கள். அன்றே கேட்டால் எல்லாரும் சரியாகத்தான் சொல்வார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் நிற்கிறதா என்பதுதான் செய்தி. நிற்கவில்லை என்றாலும் எழுதுங்கள். தோற்ற பாடத்தை நேர்மையாக எழுதியவரின் அடுத்த கட்டுரையை நான் தேடிப் படிப்பேன்.

சிறு கைவேலை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். பைத்தானில் வரியின் உள்தள்ளலுக்கே, அதாவது வரி எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது என்பதற்கே, பொருள் உண்டு. துண்டாக வெட்டினால் அந்த உள்தள்ளல் போய்விடும், திரும்பத் திரும்ப ஓடும் மடக்குக்குள் இருக்கும் வரியா வெளியே இருக்கும் வரியா என்று தெரியாது. கணக்குப் பாடக் கட்டத்தாளை மேசையில் ஒட்டி, உள்ளே போகும் வரியை நான்கு கட்டம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். வரிசையில் தவறுகிறார்களா, உள்தள்ளலில் தவறுகிறார்களா என்று தனித்தனியாகத் தெரியும். அடுக்கி முடித்ததும் கைப்பேசியில் மேசையை மட்டும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு ஒரு படம் போதும், சான்று சேர்ந்துவிட்டது.

மேசையை மட்டும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகளின் சீருடையில் பெயர் இருக்கிறது, பள்ளிச் சின்னம் இருக்கிறது. ஒரு படம் வெளியே போனால் அந்தப் பிள்ளை தவறாக அடுக்கிய கதை பெயரோடு போகும். கையெழுத்துத் தாளையும் அப்படியே காட்ட வேண்டாம், தட்டச்சு செய்து காட்டுங்கள். உங்கள் வகுப்பில் உங்கள் பாடத்தைச் சீர்செய்யக் குறிப்பெடுப்பது ஆசிரியர் வேலையின் பகுதி. அதை வெளியிடப் போகிறீர்கள் என்றால் பள்ளி முதல்வரிடம் சொல்லி, பெற்றோரிடம் ஒப்புதல் பெறுங்கள். பிற பள்ளிகளிலும் தரவு சேர்க்க நினைத்தால் கல்வி அமைச்சின் ஆய்வுப் பிரிவான இபிஆர்டியின் அனுமதி வேண்டும். ஒப்புதல் தராத பிள்ளையின் மதிப்பெண்ணில் ஒரு கீறலும் விழக்கூடாது.

எங்கே பகிர்வது? முதலில் எதிர்மேசையில். பள்ளியில் பிஎல்சி என்று ஆசிரியர்கள் கூடிக் கற்பதற்கான கூட்டம் ஒன்று நடக்கும், பல இடங்களில் அது கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் கூட்டமாகச் சுருங்கிவிட்டது. அதே நேரத்தை ஜப்பானியர்கள் பாடத்தைக் கூடித் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, பின்பு பேசும் முறைக்குப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு பேர் இருந்தாலே செய்யலாம். அடுத்து, கெலுகோரில் 1967 முதல் இயங்கும் ரெக்சாம் மையம். தென்கிழக்காசிய நாடுகளின் அறிவியல், கணித ஆசிரியர்களுக்காகவே உள்ளது, உங்களுக்குப் பாலம் கடந்தால் போதும். ஆசிரியர் பயிற்சிக் கழகங்களில் பயிற்சி ஆசிரியர்கள் பட்டத்துக்காகச் செயலாய்வு, அதாவது தம் வகுப்பிலேயே செய்து பார்க்கும் ஆய்வு, செய்கிறார்கள். அவற்றில் நல்லவை பல, மதிப்பெண் விழுந்ததும் அலமாரிக்குப் போய்விடுகின்றன. அங்கே உள்ள விரிவுரையாளர் ஒருவரை இணையாசிரியராகக் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். தமிழில் எழுத விரும்பினால், தமிழ்க் கணிமைக்கான உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடுகள் இருக்கின்றன. 2001-இலும் 2013-இலும் அவை கோலாலம்பூரிலேயே நடந்தன.

உலக அளவில், கணினிக் கல்விக்கென்றே 1968 முதல் சிக்சி என்ற சங்கம் இருக்கிறது. அதன் ஆண்டு மாநாட்டில் ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு வரிசை, வகுப்பறை அனுபவ அறிக்கைக்குத் தனி வரிசை. உங்களுக்கு உரியது இரண்டாவது. கட்டுப்பாட்டுக் குழு, புள்ளியியல் சோதனை என்று மிரள வேண்டாம். என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, வேறொருவர் செய்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால் போதும். பின்லாந்தில் 2001-இல் தொடங்கிய கோலி காலிங் மாநாடு சிறியது. முதலில் அந்த இடங்களில் வந்தவற்றைப் படியுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் பின்னர் பார்த்துக்கொள்வோம், முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள். பிள்ளைகள் பேசிய மொழிக்குப் பக்கத்தில் நின்று எழுதினால்தான் அவர்கள் சொன்னதன் நுட்பம் தப்பாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு ஆசையான கூட்டம் ஒன்று உண்டு, அதற்கு மாநாட்டுக் கட்டணம் தேவையில்லை. பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே மேல் வகுப்புகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் பிள்ளைகள் தமிழில் நிரலாக்கத்தைத் தொட்டுவிட்டுத்தான் உங்களிடம் வருகிறார்கள். ஆறாம் ஆண்டில் 'மாறி' என்று சொல்லிக்கொடுத்த ஆசிரியரும், படிவம் ஒன்றில் 'பெம்போலே உபா' என்று தொடங்கும் ஆசிரியரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியதை நான் பார்த்ததில்லை. ஒரே பிள்ளை, நேரே படிவம் ஒன்றுக்கு வருகிறவருக்கு நடுவில் ஒரு விடுமுறைதான் இடைவெளி. பிறையில் ஒரு சனிக்கிழமை காலை, நாலைந்து பேர், ஆளுக்கு மூன்று தவறான அடுக்கலும் அவற்றுக்குப் பிள்ளைகள் சொன்ன காரணமும் கொண்டு வந்தால், கலையும்போது எல்லாரிடமும் அடுத்த வாரத்துக்குப் பாடம் இருக்கும்.

உங்கள் வகுப்பில் தே தாரிக் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். பழைய விலைத் துண்டை எங்கே வைத்தார்கள், ஏன் என்று என்ன சொன்னார்கள் என்பதை அன்று மாலையே, மறப்பதற்குள், அரைப் பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். என்னிடம் பயிலும் ஆசிரியர்களும் தங்கள் பயிற்சிப் பள்ளிகளில் அதே துண்டுகளைக் கொடுத்துப் பார்ப்பார்கள். அவர்களுக்குக் கிடைப்பதை உங்களுக்கு அனுப்புகிறேன்.